டிஃபால்ட் என்னும் தலைவலி

ப்ராஜெக்ட் டெமோவுக்கு முந்தின ராத்திரி. நானும் ரூம்மேட்டும் ஒரே லைப்ரரியை, ஒரே இம்போர்ட் வரியால் கூப்பிடுகிறோம். அவன் எழுதின பிரவுசர் பக்கத்தில் ஜம்மென்று ஓடுகிறது. என் நோட் சர்வரோ "இது ஃபங்ஷனே இல்லை" என்கிறது! ஸ்பெல்லிங் பார்த்தாச்சு. லைப்ரரியை அழித்து மறுபடி போட்டாச்சு. இம்போர்ட் வரியில் அடைப்புக்குறி போட்டுப் பார்த்தேன், எடுத்துப் பார்த்தேன். மணி மூன்று.

முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்தேன். இம்போர்ட் ஆகி வந்ததை கன்சோலில் பிரின்ட் செய்தேன். வந்தது ஒரு ஆப்ஜெக்ட். அதற்குள்ளே டிஃபால்ட் என்ற பெயரில் நான் தேடின ஃபங்ஷன் சமத்தாக உட்கார்ந்திருந்தது.

ஏன் இப்படி? 2009-ல் வந்த நோட், காமன்ஜேஎஸ் முறையை எடுத்துக்கொண்டது. அதில் ஒரு ஃபைல் வெளியே தருவது ஒரே ஒரு மதிப்பு. மொழிக்கே சொந்தமான இம்போர்ட், எக்ஸ்போர்ட் 2015-ல்தான் வந்தன. இதில் டிஃபால்ட் என்பது பல பெயர்களில் ஒரு பெயர், அவ்வளவுதான். புது முறையில் எழுதியதை பேபல், டைப்ஸ்கிரிப்ட் போன்றவை பழைய முறைக்கு மாற்றும்போது ஓர் அடையாளம் ஒட்டி, ஃபங்ஷனை டிஃபால்ட் என்ற பெயரில் வைக்கின்றன. பண்ட்லர்கள் பொதுவாக அந்த அடையாளத்தைப் பார்த்து உள்ளே இருப்பதை எடுத்துத் தருகின்றன. நோட், இம்போர்ட் செய்யும்போது அதைப் பார்ப்பதில்லை. பழைய ஃபைல் தந்த மொத்தத்தையும் டிஃபால்ட் என்று கையில் கொடுத்துவிடுகிறது.

இதைச் சரிக்கட்ட 2018-ல் டைப்ஸ்கிரிப்ட் ஒரு செட்டிங் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் எர்ரர் போனால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு செட்டிங் மாற்றுவது, காய்ச்சல் ஏன் என்று கேட்காமல் மாத்திரை போடுவது மாதிரி.

என் கட்சி இதுதான்: நாம் எழுதும் லைப்ரரிகளில் பெயர் சொல்லியே எக்ஸ்போர்ட் செய்வோம். மொத்தமா, உள்ளே இருப்பதா என்ற குழப்பம் பெரும்பாலும் வராது. பெயரைத் தப்பாக எழுதினாலும் லோட் ஆகும்போதே மாட்டிக்கொள்ளும். ரியாக்ட் லேசி போல டிஃபால்ட்டைத்தான் கேட்பேன் என்று அடம்பிடிக்கும் இடங்களில் மட்டும் கொடுத்துவிட்டுப் போவோம்.

டெமோவில் மேடம் சரியாக அந்த வரியைத்தான் காட்டினார்: "இங்கே ஏன் புள்ளி டிஃபால்ட்?" முந்தின நாள் கேட்டிருந்தால் முழித்திருப்பேன். அன்று பதில் இருந்தது.