நர்சின் தலையில் மட்டுமா பழி?

பூலாம்பாடிப் பக்கத்து விவசாயத் தொழிலாளர் குடும்பம் ஒன்றில் நடந்த விஷயம் இது. காலில் ஆறாத புண்ணோடு, சர்க்கரை வியாதிக்காரரான பெரியவர் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இரவு இன்சுலின் ஊசி போட்ட இரண்டு மணி நேரத்தில் அவர் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. பேச்சுக் குழறி நினைவு தப்பியது.

என்ன நடந்தது? நம் நாட்டில் இன்சுலின் மருந்து இரண்டு பலத்தில் விற்கிறது. ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது மற்றொன்று. சிகப்பு மூடி ஊசி முதலாவதற்கு, ஆரஞ்சு மூடி ஊசி இரண்டாவதற்கு. 100 யூனிட் மருந்தைச் சிகப்பு மூடி ஊசியில் எடுத்தால், 20 என்று கோடு காட்டும் இடத்தில் உள்ளே போவது 50. அன்று இரவு அந்த வார்டில் ஆரஞ்சு மூடி ஊசி தீர்ந்துபோயிருந்தது. நாற்பது நோயாளிகளுக்கு ஒரே நர்சு. இருந்த ஊசியை எடுத்துப் போட்டுவிட்டார்.

தவறைக் கண்டுபிடித்ததும் அவரேதான். கூப்பிட்டால் வர வேண்டிய டாக்டருக்கு உடனே போன் செய்தார். "இதுக்கெல்லாமா ராத்திரியிலே எழுப்புவே?" என்று போன் வைக்கப்பட்டது. இரண்டாம் தடவை, "உனக்கு யார் வேலை கொடுத்தது?" என்ற வசவு. அந்தப் பெண் காத்துக்கொண்டு நிற்கவில்லை. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு மூன்றாம் தடவையும் கூப்பிட்டார். அப்போதுதான் வாய்மொழியாக ஓர் உத்தரவு கிடைத்தது. டாக்டர் வந்தது காலையில். பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

விடிந்ததும் உறவினர் கூட்டம் நர்சை அடிக்கப் போயிற்று. அதில் நம் சங்கத்துக்காரர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்க மாட்டோம். சின்ன வெங்காயம் அரிந்து கூலி வாங்கும் தாயின் மகளை, பருத்தி எடுத்துக் கூலி வாங்கும் பெண்கள் தலைமயிரைப் பிடித்து இழுக்கப் போனார்கள்! நம் கிளைத் தோழர்கள் இருவர் குறுக்கே நின்று தடுத்தார்கள். அவர்கள் செய்தது சரி.

தவறு தவறுதான். மருந்தின் பெயர், பலம், அளவு, நோயாளியின் பெயர் இவற்றைப் பார்க்காமல் ஊசி போடக் கூடாது. அந்தப் பெரியவர் செத்திருந்தால் எந்த விளக்கமும் அவர் மனைவிக்கு ஆறுதலாகாது. நர்சும் நம் வர்க்கம் என்பதற்காக இதை மூடி மெழுக நாம் வரவில்லை.

ஆனால் ஆலைத் தொழிலாளியைக் கேளுங்கள். பல்சக்கரத்தில் விரல் போனால் நிர்வாகத்தின் முதல் வார்த்தை எது? "கவனக் குறைவு!" சக்கரத்துக்கு வேலி போடாதது யார், இரண்டு ஷிப்டு தொடர்ந்து நிற்க வைத்தது யார் என்று விசாரணையில் வராது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் யந்திரத்துக்கு வேலி கட்டாயம் என்று எழுதப்பட்டது ஏன்? மனிதன் களைப்பான், கண் அசருவான் என்பதால்தான். வார்டுக்கு மட்டும் அந்த நியாயம் பொருந்தாதா? இரண்டு பலத்து மருந்தை ஒரே தட்டில் வைத்ததும், உரிய ஊசியை வாங்கி வைக்காததும், நாற்பது பேருக்கு ஒருத்தியை நிறுத்தியதும் வேலி இல்லாத சக்கரம் அல்லாமல் வேறென்ன? பெரிய பயிற்சி ஆஸ்பத்திரி வார்டில் 3 நோயாளிக்கு ஒருவர், மற்றவற்றில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. அது காகிதத்தில் இருக்கிறது.

சர்க்கார் காட்டிய வழி என்ன? 2015-இல் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்த ஆயிரக்கணக்கான நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். மண் வெட்டுகிறவருக்கே அது போதாத காலம் அது! 2017 நவம்பரில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்த பிறகுதான் சம்பளத்தைப் பற்றிப் பேச்சே எழுந்தது. கொரோனாக் காலத்தில் அமர்த்தப்பட்ட நர்சுகளுக்குக் கை தட்டினார்கள். 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஒப்பந்தம் முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாதவள் நள்ளிரவில் டாக்டரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவாளா?

டாக்டர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்பதல்ல நம் வாதம். நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப டாக்டர்களை நியமி என்று கேட்டு, 2019 அக்டோபர் 25 முதல் ஒரு வார காலம் சர்க்கார் டாக்டர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். பகலெல்லாம் உழைத்தவரை இரவிலும் எழுப்பினால் எரிச்சல் வரும். புரிகிறது. ஆனால் எரிச்சல் கீழே இருப்பவர் மீதே பாய்வது ஏன்? மேஸ்திரி கூலியாளைத் திட்டுகிற அதே பழக்கம்தான் இங்கே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வருகிறது. வசவுக்குப் பயந்து ஒரு நர்சு கூப்பிடத் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுப்பவர் கட்டிலில் கிடக்கும் நம் ஆள்.

பணக்கார அமெரிக்காவில் இது எப்படி என்று பாருங்கள். 2017 டிசம்பரில் நாஷ்வில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், பதற்றம் தணிக்கும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளைச் செயலிழக்க வைக்கும் மருந்தை ஒரு நர்சு கொடுத்துவிட்டார், நோயாளி இறந்தார். நர்சு தவறை ஒப்புக்கொண்டார். நிர்வாகமோ அவரை நீக்கியது, மேலிடத்துக்கு அறிவிக்காமல் மறைத்தது, குடும்பத்தோடு ராஜி செய்துகொண்டது. 2022 மார்ச்சில் நர்சு குற்றவாளி என்று ஜூரிகள் சொன்னார்கள். மே மாதம் 3 வருஷ நன்னடத்தைக் காவல் என்று தீர்ப்பாயிற்று. நிர்வாகத்தில் ஒருவர் மீதும் கிரிமினல் வழக்கு இல்லை. தீர்ப்பு நாளில் நூற்றுக்கணக்கான நர்சுகள் கோர்ட்டு வாசலில் நின்றார்கள். உண்மை சொன்னால் சிறைதான் என்றால் அடுத்தவர் உண்மை சொல்வாரா என்பது அவர்கள் கேள்வி. நம் கேள்வியும் அதுவே.

நர்சுச் சகோதரிகளுக்கு நாம் சொல்வது: தவறு நேர்ந்தால் ஒரு நிமிஷமும் ஒளிக்காதீர்கள். டாக்டரைக் கூப்பிட்ட மணியையும் அவர் சொன்னதையும் நோயாளியின் கேஸ் ஷீட்டில் அப்போதே எழுதுங்கள். போனில் சொன்ன மருந்தையும் அளவையும் திருப்பிச் சொல்லி உறுதி வாங்குங்கள். அவர் வராவிட்டால் நிலைய மருத்துவ அலுவலரைக் கூப்பிடுங்கள். தனியாக நிற்காதீர்கள், சங்கத்தில் சேருங்கள். நம் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சொல்வது: கை ஓங்காதீர்கள். ஊசி போடும்போது, "இது என்ன மருந்தும்மா, எத்தனை அளவு?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. தவறு நடந்தால் எழுத்தில் கேளுங்கள். காசு வாங்கும் ஆஸ்பத்திரிகளின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995-இலேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது.

பெரியவர் வீடு திரும்பிவிட்டார். நர்சுக்கு மட்டும் மெமோ வந்தது. ஊசி வாங்காதவருக்கு மெமோ இல்லை, போனை வைத்தவருக்கும் இல்லை. மெமோவுக்கு அந்தப் பெண் எழுதிய பதிலில் தான் செய்த தவறு இருக்கிறது, தீர்ந்துபோன ஊசி இருக்கிறது, மூன்று போன் அழைப்புகளின் நேரமும் இருக்கிறது. அதன் கீழே பெரியவரின் மகன் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அன்று காலை அடிக்கப் போன கூட்டத்தில் முதலில் நின்றவர் அவர்தான். நிர்வாகம் இன்னும் பதில் சொல்லவில்லை.