அச்சை விட்டு வராத ஃபைபர் தொட்டி

கேள்வி: ‘‘மீன் குஞ்சு வளர்க்க ஃபைபர் கிளாஸ் தொட்டிகளை நாங்களே செய்ய ஆரம்பித்திருக்கிறோம். சிமென்டில் கட்டிய அச்சின் மேல் கழிவு ஆயில் தடவி, மேட்டும் ரெசினும் போட்டோம். முதல் தொட்டி அச்சை விட்டு வரவே இல்லை. உடைத்துத்தான் எடுத்தோம். மெழுகு, பி.வி.ஏ. என்று ஏதேதோ சொல்கிறார்கள். எதை, எப்படிப் பூச வேண்டும்?’’

- வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்.

பதில்: வேலிக்கு சிமென்ட் தூண் வார்த்துப் பழகியவர்களுக்குக் கழிவு ஆயில்தான் முதலில் நினைவுக்கு வரும். சிமென்ட் கலவைக்கு அது போதும். பாலியெஸ்டர் ரெசினுக்கு உதவாது. ரெசினில் ஸ்டைரீன் என்ற கரைப்பான் இருக்கிறது. தெர்மாகோல் துண்டின் மேல் கொஞ்சம் ரெசினை ஊற்றினால் குழி விழுவதைப் பார்க்கலாம். அந்த ஸ்டைரீன் ஆயிலோடு கலந்துவிடும். ரெசின் அச்சின் நுண்துளைகளில் இறங்கி இறுகிக்கொள்ளும். எனவே, இங்கே தேவை வழுக்கும் பொருள் அல்ல. அச்சுக்கும் ரெசினுக்கும் நடுவே காய்ந்த, கிழியாத ஒரு படலம். இட்லித் தட்டில் துணி விரிப்பதைப் போல!

ஆயில் குடித்த சிமென்ட் அச்சில் இனி பெயின்டும் சரியாகப் பிடிக்காது. அதைச் சரிசெய்யச் செலவழிப்பதைவிட, புதிய அச்சு கட்டுவதே மேல். சுவர்கள் நேர்க்குத்தாக இல்லாமல், தொட்டியைக் கழற்றும் திசையில் கொஞ்சம் குறுகிக்கொண்டே போக வேண்டும். சரிவு இல்லாத அச்சில் எந்த மெழுகும் காப்பாற்றாது. சிமென்ட் நன்றாகக் காய்ந்த பிறகு பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-பேக் பி.யு. பெயின்டால் துளைகளை அடைக்க வேண்டும். சாதாரண பெயின்ட் ஸ்டைரீனில் இளகிவிடும்.

அடுத்தது மெழுகு. அச்சுக்கென்றே விற்கும் கார்னாபா மெழுகு போதும். கார் பாலீஷ் வேண்டாம். அதில் பெரும்பாலும் சிலிகான் இருக்கும். ஜெல்கோட் ஒட்டாமல் ஆங்காங்கே விலகி, மீன் கண் போலக் குழி விழும். மெழுகை மெல்லிய துணியால் வட்டமாகத் தேய்த்து, மங்கலானதும் வேறு துணியால் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டும். புதிய அச்சுக்கு இப்படி ஐந்து, ஆறு முறையாவது செய்ய வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே ஒரு மணி நேரம் விடலாம். தடிமனாக அப்பினால் பயன் இல்லை. மூலைகளும் விளிம்புகளும்தான் பலரும் விட்டுவிடும் இடங்கள். தொட்டி பிடித்துக்கொள்வதும் அங்கேதான்.

மெழுகின் மேல் பி.வி.ஏ. திரவம். கடையில் கேட்கும்போது கவனம் தேவை. தச்சர்கள் மரம் ஒட்டும் வெள்ளைப் பசைக்கும் பி.வி.ஏ. என்றே பெயர். அது பாலிவினைல் அசிடேட். அதைப் பூசினால் ஒட்டத்தான் செய்யும். இங்கே தேவைப்படுவது பாலிவினைல் ஆல்கஹால். ‘ஃபைபர் அச்சுக்கு’ என்று சொல்லிக் கேட்பது நல்லது. முதலில் புகை போல லேசாக ஸ்பிரே செய்து, காய்ந்ததும் மேலும் இரண்டு முறை அடிக்க வேண்டும். கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகே ஜெல்கோட். ஈரம் பட்டால் இந்தப் படலம் இளகும் என்பதால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலை வேண்டாம். தூறல் பட்ட அச்சை அப்படியே பயன்படுத்தாமல், கழுவி, காயவைத்து மறுபடியும் பூச வேண்டும். பல தொட்டிகளை எடுத்துத் தரும் ‘செமி பெர்மனென்ட்’ திரவங்களும் உண்டு. ஆனால், நாலைந்து தொட்டி செய்பவருக்கு அந்தச் செலவு தண்டம்.

மறுநாள் வரை இறுகவிட்டு, விளிம்பில் மர ஆப்புகளைச் சுற்றிலும் சிறிது சிறிதாக இறக்கி, இடைவெளியில் தண்ணீர் ஊற்றினால் பி.வி.ஏ. கரைந்து தொட்டி விடுபடும். இட்லித் துணியில் தண்ணீர் தெளிப்பதும் இதே கணக்குதான். இரும்புக் கடப்பாரை போட்டால் அச்சு போய்விடும்.

ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்டையும், கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, வெடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம் என்பதால் கண்ணாடி, கையுறை கட்டாயம்.

கழற்றிய தொட்டியில் உடனே குஞ்சு விடக் கூடாது. சோப்பு நீரால் மெழுகைத் தேய்த்துக் கழுவி, சில நாள்கள் வெயிலில் வைத்து, பலமுறை தண்ணீர் நிரப்பி வடிக்க வேண்டும். ரெசின் வாடை கொஞ்சமும் இல்லை என்றான பிறகு, நாலைந்து குஞ்சுகளை மட்டும் விட்டு இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றை விடலாம்.