எட்டாம் வகுப்பு முடிவதற்குள் ஓர் ஆசிரியர் வேண்டும்

மதிப்பிற்குரிய கல்வி அலுவலர் அவர்களுக்கு,

எண்ணூரில் ஒரு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய் நான். எங்கள் மனுக்கள் உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்ததற்கு முத்திரை குத்திய ஒப்புகை எங்களிடம் இருக்கிறது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலும் இருக்கிறது. ஆசிரியர்தான் இல்லை. அதனால் இதை ஊரறிய எழுதுகிறேன்.

ஆங்கிலத்துக்கும் சமூக அறிவியலுக்கும் சேர்த்து இருந்த ஒரே பட்டதாரி ஆசிரியை போன கல்வியாண்டின் நடுவில் மாறுதலில் போனார். அந்த இடம் இன்றுவரை காலி. கணக்கு ஆசிரியர்தான் இந்தப் பாடவேளைகளிலும் வந்து உட்காருகிறார். அவரைக் குறை சொல்லமாட்டேன். பிள்ளைகள் வெளியே ஓடாமல் பார்த்துக்கொள்வதே அவரால் முடிந்தது. விதி என்ன சொல்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் நோட்டில் நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

ஆங்கில நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் கீழே, பென்சிலால், பொடி எழுத்தில், உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்திருந்தாள். ‘வீ லிவ் நியர் த சீ.’ வாசிக்கச் சொன்னேன், கடகடவென்று வாசித்தாள். தமிழ் எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். ஒரு சொல்கூட வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்தது சமூக அறிவியல் நோட்டு. ‘இடர்கள்’ பாடத்தின் கேள்வி பதில் முழுக்க கைடைப் பார்த்து எழுதியது. திருத்திய மை ஒரு பக்கத்திலும் இல்லை. “இடர்னா என்னம்மா?” என்றேன். “முக்கியமான கேள்வி ஆன்ட்டி, பரீட்சைக்கு வரும்” என்றாள்.

இவள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் பரவியது. எங்கள் ஆட்கள் வாளியும் மக்கும் கொண்டு அதை அள்ளினார்கள். கையெல்லாம் கறுப்பு. வலையும் படகும் பாழ். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில், உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, எண்ணூர்ப் பெரியகுப்பமே கண் எரிச்சலோடு தெருவுக்கு ஓடிவந்தது. அன்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணற ஓடிய பிள்ளைகளில் இவளும் ஒருத்தி. இவ்வளவையும் உடம்பால் அனுபவித்த பிள்ளைக்கு, அந்தப் பாடம் உன் ஊரைப் பற்றியதுதான் என்று எடுத்துச் சொல்ல வகுப்பில் ஆள் இல்லை.

எங்கள் பள்ளியில் ஆய்வு நடந்த நாளையும் சொல்லியாக வேண்டும். அன்று காலை வேறொரு பள்ளியிலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியரை வரவழைத்து எட்டாம் வகுப்பில் நிறுத்தினார்கள். அவர் நன்றாகவே நடத்தினார். பிள்ளைகள் ஆசையாகக் கை தூக்கினார்கள். வந்த அதிகாரி பார்வையாளர் பதிவேட்டில் ‘திருப்தி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மதியம் அந்த ஆசிரியர் கிளம்பும்போது, “சார், நாளைக்கும் வருவீங்களா?” என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவர் பதில் சொல்லாமல் போனார். அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்கிறேன், ஐயா. பிள்ளைகள் கண்ணெதிரே இப்படி ஒரு பொய்யை நடத்திக் காட்ட உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

“கணக்கும் அறிவியலும் ஒழுங்காத்தானே நடக்குது?” என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் எங்களைத் திருப்பி அனுப்பினார். எங்கள் ஊருக்கு ஆங்கிலமும் சமூக அறிவியலும் எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. இங்கே ஓர் ஆலையோ துறைமுகமோ விரிவாக்கம் என்றால் கருத்துக்கேட்புக் கூட்டம் போடுகிறார்கள். சுற்றுச்சூழல் அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம், ஆங்கிலத்தில். தமிழில் கிடைப்பது சுருக்கம்தான். அந்தச் சுருக்கத்தில் எது விடுபட்டது என்று கண்டுபிடிக்க ஆங்கிலம் வேண்டும். எழுந்து நின்று கேட்க எனக்கு உரிமை உண்டு என்று தெரிய குடிமையியல் வேண்டும். மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் சட்டம் படித்து வக்கீலானார், 1923இல் இதே சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார். அப்படி ஒரு பிள்ளை எங்கள் குப்பத்திலிருந்து வரவே கூடாதா? எங்கள் காற்றையும் ஆற்றையும் எடுத்துக்கொண்டார்கள். கேள்வி கேட்கும் வாயையும் பள்ளிக்கூடத்திலேயே அடைத்துவிடுவதா?

நிதி இல்லை, கலந்தாய்வு முடியட்டும், பட்டியல் வரட்டும் என்று இனிச் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை படிக்கும் பள்ளியில் ஒரு வாரம் ஆசிரியர் வராவிட்டால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

வரும் ஏப்ரலோடு இந்தப் பிள்ளைகள் எங்கள் பள்ளியை விட்டுப் போகிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் புதுப் பள்ளி, புது ஆசிரியர்கள். ‘இதுகூடத் தெரியாதா?’ என்று அங்கே கேட்கப்போவது அவர்களைத்தான், உங்களை அல்ல. இந்த மடலுக்குப் பதில் எழுத வேண்டாம். ஆசிரியரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்,
எண்ணூர்