ஊர்ப் பெயர் 8 எழுத்து. கம்ப்யூட்டர் சொல்வது 18!

"ஸ்ரீவில்லிபுத்தூர்" - இதில் எத்தனை எழுத்து?

பள்ளிக்கூடத்துப் பையனைக் கேட்டால், விரல் விட்டு எண்ணிச் சொல்வான்: ஸ்ரீ, வி, ல், லி, பு, த், தூ, ர். மொத்தம் 8.

கம்ப்யூட்டரைக் கேட்டால் 18 என்கிறது!

பக்கத்து ஊரான ராஜபாளையத்துக்கும் இதே கதிதான். நமக்கு 6; அதற்கு 10.

காரணம் என்ன?

உலக மொழிகளின் எழுத்துக்களுக்கு எண் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு "யூனிகோடு" என்று பெயர். 1991-ல் அது வெளிவந்தபோதே தமிழுக்கும் இடம் கிடைத்தது. ஆனால், "பு" என்ற எழுத்துக்குத் தனி எண் இல்லை. "ப" ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக 2. "ர்" என்றாலும் 2. மேலே இருக்கும் புள்ளியும் கணக்கில் சேரும். "ஸ்ரீ" மட்டும் 4-ஐ விழுங்கிவிடுகிறது!

ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் "டேஸ் 16" என்ற முறையையும் தமிழக அரசு 2010-ல் ஏற்றுக்கொண்டது. இணையத்தில் நிலைத்தது என்னவோ யூனிகோடுதான்.

யாருக்கு நஷ்டம்?

இணையப் படிவம் ஒன்றில், ஊர்ப் பெயர் 15 எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் 14 எழுத்து. பேஷாக உள்ளே போய்விடும். தமிழில் எழுதினால் "ஸ்ரீவில்லிபுத்த" என்பதோடு நின்றுவிடும். ஆண்டாள் பிறந்த ஊருக்கு இந்த நிலை! வரம்பு வைத்தவர் தமிழுக்கு விரோதி அல்ல. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்தவர், அவ்வளவுதான்.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். கம்ப்யூட்டரில் குரோம் பக்கத்தைத் திறந்து, "எப் 12" பொத்தானை அழுத்தி, "கன்சோல்" பகுதிக்குப் போக வேண்டும். அங்கே ஊர்ப் பெயரை மேற்கோள் குறிக்குள் எழுதி, புள்ளி வைத்து, "லெங்த்" என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துத் தட்டினால் எண் வந்து விழும்.

மருந்தும் உண்டு. "ஜாவாஸ்கிரிப்ட்" மொழியில் "செக்மென்டர்" என்ற கருவி இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிறபடி எழுத்தை எண்ணும். அதுவும் "ஸ்ரீ"யை இரண்டாகப் பிரித்து 9 என்றுதான் சொல்லும். 18-க்கு 9 எவ்வளவோ தேவலை!

கடைசிப் பெயர் எங்கே?

எழுத்துக் கணக்காவது ஊர்ப் பெயரோடு போகும். மனிதர் பெயரில் சிக்கல் இன்னும் பெரிது. பல படிவங்கள் "முதல் பெயர்", "கடைசிப் பெயர்" என்று இரண்டு கட்டம் வைக்கின்றன. தமிழருக்கு இருப்பது ஒரு பெயரும், தந்தையின் முதல் எழுத்தும். ராஜபாளையத்தில் பெயருக்குப் பின்னால் "ராஜா" போடுகிறவர் சுலபமாக நிரப்பிவிடுவார். அடுத்த தெருக்காரர் என்ன செய்வார்? சிலர் தந்தை பெயரை எழுதுகிறார்கள். சிலர் தம் பெயரையே இரு முறை எழுதுகிறார்கள். பிறகு சான்றிதழில் ஒரு பெயர், அட்டையில் வேறு பெயர்!

இது விளையாட்டல்ல. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது.

பக்கத்தை அமைப்பவர் அந்தக் கட்டத்தில் "ரிக்வயர்டு" என்று ஒரே ஒரு சொல் எழுதுகிறார். அது இருக்கும்வரை படிவம் நகராது. அதை எடுத்துவிட்டு, "முழுப் பெயர்" என்று ஒரே கட்டம் வைக்க ஐந்து நிமிடம் ஆகாது.