மலைப்பூண்டுக்குக் காவல் எங்கே?

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் சாலையில் போகிறவர்கள் பூம்பாறைக்கு மேலே வண்டியை நிறுத்தாமல் போவதில்லை. எதிர்ச் சரிவில் நெருக்கியடித்த வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில், சுற்றிலும் படிப்படியாக இறங்கும் வயல்கள். படம் எடுத்துக்கொண்டு திரும்பும்போது ‘கொடைக்கானல் மலைப்பூண்டு’ என்று ஒரு பையும் வாங்கிக்கொள்கிறார்கள். பைக்குள் இருப்பது அந்தப் படிவயலில் விளைந்ததுதானா என்று கேட்பார் இல்லை. அரசாவது கேட்க வேண்டும்.

இந்தப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு 2019இல் கிடைத்தது. கொடைக்கானல் மேல்மலையின் குளிரும் பனியும் மண்ணும் சேர்ந்து கொடுத்த காரம் அதற்கு. பாதி வேலை வயலில் என்றால் மீதி வேலை வீட்டுக்குள். பிடுங்கிய பூண்டைத் தாளோடு கொத்தாகக் கட்டி, விறகடுப்புக்கு மேலே தொங்கவிடுகிறார்கள். புகை ஏற ஏறத் தோல் பழுப்பேறி இறுகும். அப்படிக் காத்த பூண்டு ஒரு வருஷம்கூடக் கெடாமல் இருக்கும். அடுத்த நடவுக்கான விதைப்பூண்டும் அந்தக் கொத்திலிருந்துதான். வீட்டுப் பெண்கள் இருமிக்கொண்டே அடுப்பூதிச் சேர்த்த தரம் அது.

விற்பதற்கோ மலையிறங்க வேண்டும். பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிச் சந்தையில்தான் விலை முடிவாகிறது. காட்டுமாட்டுக்கும் பன்றிக்கும் தப்பிய மூட்டையை வண்டிவாடகை கொடுத்துக் கீழே இறக்கியவர், சொன்ன விலை கட்டவில்லை என்று மறுபடி மேலே ஏற்றிக்கொண்டு போக முடியுமா? இதற்கு நடுவே, வெளிமாநிலப் பூண்டும் மலைப்பூண்டு என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது என்பது விவசாயிகளின் நெடுநாள் குமுறல்.

சுற்றுலாக் கூட்டத்துக்கு உள்ளூர் விளைச்சல் போதாது என்று வியாபாரிகள் சொல்லலாம். போதாதுதான். வேறு ஊர்ப் பூண்டு விற்பதை யாரும் தடுக்கவில்லை, அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி விற்கட்டும். பொய்யாகக் குறியீட்டைப் பயன்படுத்தினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்கிறது 1999ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் சோதனையிட்டுப் பறிமுதல் செய்ய டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி வேண்டும்; அதற்கும் முன்னால் புவிசார் குறியீட்டுப் பதிவாளரின் கருத்தைப் பெற வேண்டும். பூண்டு விவசாயி இந்தப் படியெல்லாம் தனியாளாக ஏறுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

இன்னொன்று, குறியீடு கிடைத்துவிட்டதாலேயே விளைவிக்கும் ஒவ்வொருவருக்கும் அதன் முழு உரிமை வந்துவிடாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்று அவரவர் பதிந்துகொள்ள வேண்டும். பதிவகம் இருப்பது சென்னை கிண்டியில். நடவையும் களையெடுப்பையும் விட்டுவிட்டு யார் அங்கே போய் விண்ணப்பம் எழுதுவது? தோட்டக்கலைத் துறைதான் பூம்பாறையிலும் மன்னவனூரிலும் கவுஞ்சியிலும் பூண்டியிலும் கிளாவரையிலும் முகாம் போட்டு, குத்தகைக்கு உழுகிறவர் உட்பட எல்லோரையும் பதிய வேண்டும். கட்டணத்தையும் அரசே ஏற்கட்டும்.

பூம்பாறையிலேயே தரம் பிரிக்கும் களமும் ஏலக்கூடமும் வேண்டும். வடுகபட்டி வியாபாரியும் அங்கே வந்து ஏலம் கேட்கட்டும். அடுத்த அறுவடைக்குள் கொடைக்கானல் கடைகளில் அதிகாரிகள் பையைப் பிரித்துப் பார்க்கத் தொடங்க வேண்டும்.