பனியில் சறுக்காத கார், சந்தையில் சறுக்கியது ஏன்? சுபாரு லெகசியின் கதை

1989-ல் தொடங்கி ஏழு தலைமுறை பார்த்த சுபாரு லெகசி செடானின் அமெரிக்க உற்பத்தி, 2025-ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்தது. மக்கள் எஸ்யூவி பக்கம் போய்விட்டார்கள், எலெக்ட்ரிக் கார்களுக்கும் மாற வேண்டியிருக்கிறது என்பது நிறுவனம் சொன்ன காரணம். பொய் இல்லை. ஆனா அது பாதிக் கதைதான்.

அப்படி என்ன ஸ்பெஷல்?

பெரும்பாலான குடும்ப செடான்களில் என்ஜினின் சக்தி முன் சக்கரங்களுக்கு மட்டுமே போகும். பனியில் அவை வெறுமனே சுழல ஆரம்பித்தால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஆல்-வீல்-டிரைவ் என்றால் நான்கு சக்கரமும் சேர்ந்து தள்ளும். சுபாருவின் 'பாக்ஸர்' என்ஜினில் பிஸ்டன்கள் இடமும் வலமுமாகப் படுத்தபடி ஓடும். என்ஜின் தாழ்வாக, நீளவாக்கில் உட்கார்ந்திருப்பதால், அங்கிருந்து பின் சக்கரங்களுக்கு நேராக ஒரு ஷாஃப்ட் விட்டால் போதும். (பிரேக் போடும்போது இதெல்லாம் பெரிதாக உதவாது. அங்கே டயர்தான் பேசும். விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.)

இதன் வேர் 1970களின் தொடக்கத்தில் இருக்கிறது. ஜப்பானின் பனி கொட்டும் தோஹோகு பகுதியின் மின்சார நிறுவனம், மலைப்பாதையில் வேலைக்குப் போக ஜீப்பைவிட வசதியான வண்டி கேட்டது. அந்த யோசனையை முழுமையான குடும்பக் காராக்கியது லெகசி.

வந்த வேகத்திலேயே பெயர் வாங்கியது. 1989 ஜனவரியில் அமெரிக்காவின் அரிசோனாவில் 1,00,000 கிலோமீட்டரைச் சராசரியாக மணிக்கு 223 கி.மீ. வேகத்தில் ஓடி முடித்தது. 18 நாளுக்கு மேல் ராத்திரி பகலாக ஓட்டம். 1993-ல் நியூசிலாந்து ராலியில் காலின் மெக்ரே ஜெயித்தது லெகசியில்தான். உலக ராலி சாம்பியன்ஷிப்பில் சுபாருவின் முதல் வெற்றி அது.

வில்லன் வீட்டுக்குள்ளேயே

1990களின் நடுவில் சுபாரு ஒரு காரியம் செய்தது. லெகசி வேகனையே கொஞ்சம் உயர்த்தி, சுற்றிலும் பிளாஸ்டிக் பட்டை ஒட்டி, 'அவுட்பேக்' என்று பெயர் வைத்தது. விளம்பரத்துக்கு 'குரோக்கடைல் டண்டீ' நடிகர் பால் ஹோகன். உள்ளே இருப்பது அதே கார்தான். ஆனா வாங்குபவர்களுக்கு அது காடு மலை தாண்டும் வண்டியாகத் தெரிந்தது. அங்கேயே லெகசியின் தலையெழுத்து மாறிவிட்டது.

2003-ல் வந்த நான்காம் தலைமுறைதான் உச்சம். ஜப்பானின் 'கார் ஆஃப் தி இயர்' விருது அதற்குத்தான். ஆனால் அகலம் 1,730 மி.மீ. ஜப்பானில் சிறிய கார் வகைக்கான 1,700 மி.மீ. எல்லையை அப்போதே தாண்டிவிட்டது. 2009-ல் வந்த ஐந்தாம் தலைமுறை அமெரிக்கக் குடும்பங்களுக்காகவே இன்னும் பெருத்தது. ஆறாவதில் அமெரிக்க வாடிக்கையாளருக்கு மேனுவல் கியர் போச்சு. ஏழாவது தலைமுறை ஜப்பானில் விற்பனைக்கே வரவில்லை. பிறந்த வீட்டுக்கே வராத பிள்ளை!

அமெரிக்காவுக்காக ஊரை விட்டதுதான் சுபாரு செய்த பெரிய தப்பு. அங்கே கேம்ரி, அக்கார்டோடு இடவசதியில் மோத வேண்டியிருந்தது. அந்த ஆட்டத்தில் லெகசியின் தனித்தன்மை கரைந்துபோனது.

லெகசியின் தரை இடைவெளி சுமார் 150 மி.மீ., அவுட்பேக்குக்கு 220. அந்த 70 மி.மீ. உயரம் தேவைப்படும் பாதையில் எத்தனை அவுட்பேக் தினமும் ஓடுகிறது? பெரும்பாலும் பள்ளிக்கூடமும் சூப்பர் மார்க்கெட்டும்தான். பனி விழுந்த தார் ரோட்டுக்குத் தாழ்வான செடானே போதும் என்பதை லெகசி 36 ஆண்டுகள் ஓடிக் காட்டியது. அதே சுபாரு ஷோரூம், உயரமான வண்டியை முன்னால் நிறுத்தியது.

இப்போது 2026 மாடல் அவுட்பேக்கும் பழைய வேகன் உருவத்தைக் கைவிட்டு, பெட்டி மாதிரி எஸ்யூவி ஆகிவிட்டது.