பிளஸ் ஒன் பாடம் விட்டுப்போகக் கூடாது

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் இல்லை. மாணவர்களின் சுமை குறைந்தது நல்லதே. ஆனால் 2017-18-இல் அத்தேர்வு வந்த காரணத்தை மறக்கலாகாது. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகள் அன்று ஏராளம்.

இனி 6 பாடங்களிலும் தலா 35 மதிப்பெண் எடுத்தால் பிளஸ் டூ தேர்ச்சி. ஆனால் நீட், ஜே.இ.இ. நுழைவுத்தேர்வுகள் இரு வகுப்புப் பாடங்களையும் கேட்கின்றன. பொதுத்தேர்வு மதிப்பெண் மட்டும் கதவைத் திறக்காது என்பதை, 1,176 மதிப்பெண் பெற்றும் மருத்துவ இடம் கிடைக்காத குழுமூர் மாணவி அனிதாவை 2017-இல் இழந்த அரியலூர் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அம்மாவட்டத்து ஆண்டிமடம் வட்டாரத்தின் கத்தோலிக்கப் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை விடாமல் நடத்துவதில் முன்கை எடுக்கலாம்; பாடத்தோடு தொண்டையும் சேர்க்கலாம். அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் மறைக்கல்வியும், குறிப்பிட்ட மணி நேரச் சமூகத் தொண்டும் முடித்தால்தான் பள்ளியிறுதிச் சான்று. இங்கு அரசு உதவிபெறும் பள்ளி, சம்மதமின்றி மறைக்கல்வியில் பங்கேற்கச் சொல்ல அரசமைப்பின் 28(3) பிரிவு இடம் தராது. தொண்டுக்கு அத்தகைய தடையில்லை. நாட்டு நலப்பணித் திட்டமும் கைவசம் இருக்கிறது.

பிளஸ் ஒன் பாடங்களை முழுமையாக நடத்தி, ஆண்டிறுதித் தேர்வைக் கண்டிப்புடன் வையுங்கள். மாணவர் செய்த தொண்டைச் சான்றிதழாகத் தாருங்கள். கல்வித்துறையும் தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் கேட்காமல், பிளஸ் ஒன் வகுப்பறைகளை நேரில் ஆய்வு செய்ய வேண்டும்.